படைப்பு அழைப்புக்கு வந்த பதில்

எனக்கு இந்த இமெயில் எழவைக் கண்டாலே ஆகாது. கண்டரமாணிக்கத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டை விருந்தினர் விடுதியாக மாற்றியதிலிருந்து அதோடுதான் மாரடிக்கிறேன். ஜெர்மனியிலிருந்து ஒருவர் அறை கேட்பார், மும்பையிலிருந்து ஒருவர் காலைக்குக் கந்தரப்பம் உண்டா என்று கேட்பார். நடுவில் யாரோ ஒரு படுபாவி, 'பில் இணைத்துள்ளேன்' என்பான். போன வருஷம் அப்படி ஒன்றைத் திறந்து தொலைத்தேன். என் பெயரில் விருந்தாளிகள் எல்லாருக்கும் குப்பை மெயில் போய், ஒரு வாரம் மன்னிப்புக் கேட்டே பொழுது போயிற்று.

அதை வந்து சரிசெய்தவள் நாகவல்லி. காரைக்குடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். "அண்ணே, இது ஸ்கிரிப்ட் வைரஸ். படம் மாதிரி, பில்லு மாதிரி வேசங்கட்டி வரும். நீங்க தொட்டாத்தேன் ஓடும்" என்றாள். கோப்புகளின் பெயர் கடைசி எழுத்து வரை முழுதாகத் தெரியும்படி செய்தாள். அந்த மாதிரிக் கோப்பைத் தவறித் தொட்டாலும் அது ஓடாமல், நோட்பேடில் வெறும் எழுத்தாகத் திறக்கும்படி மாற்றிவைத்தாள். "இருந்தாலும், யாரு அனுப்புனாலும் இணைப்பைத் தொடாதீக. எனக்கு ஒரு போனைப் போடுங்க." சரி என்றேன். அதன் பிறகு ஒன்றையும் தொடவில்லை, நேற்று வரைக்கும்.

நேற்று சாயங்காலம் என் தம்பி ஆதித்தனிடமிருந்து மெயில் வந்தது.

ஆதித்தன் கனடாவில் இருக்கிறான். பின்கட்டை விடுதியாக்கியபோது ஊருக்கு வந்திருந்தவன், "அப்பச்சி படுத்த அறையில கண்டவனும் வந்து படுக்கணுமா?" என்று, அப்பா இருந்த அறையைச் சொல்லிக் குதித்தான். மழைக்குக் கூரை ஒழுகுவதும், அதைச் செப்பனிடப் பணம் வேண்டியிருப்பதும் கனடாவில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? நானும் விடவில்லை. அன்றைக்குப் போனவன்தான், ஆறு வருஷமாகப் பேச்சில்லை. நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் அவன் வராத வீடு எனக்கு வீடாகவே இல்லை. முற்றத்தில் யாராவது அவனைப் போலத் தொண்டையைச் செருமினால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். பார்த்தால் ஏதோ ஒரு விருந்தாளி நிற்பார்.

எங்கள் பக்கம் படைப்பு என்று ஒன்று உண்டு. பங்காளிகள் எல்லாரும் கூடி, முன்னோருக்குச் சோறும் வேட்டி சேலையும் வைத்துக் கும்பிட்டு, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். கோர்ட்டில் கேஸ் நடத்துகிறவன்கூட அன்றைக்கு வந்து பக்கத்து இலையில் உட்காருவான். பேச்சு நின்ற வருஷம் தம்பிக்கு மெயிலில் எழுதினேன்: 'தை மாதம் படைப்பு. என் பக்கத்தில் உனக்கு இலை போடச் சொல்லியிருக்கிறேன். வா.' பதில் இல்லை. அவனும் வரவில்லை. சோறு விழாத அந்த இலையை நானே மடித்து எடுத்தேன்.

நேற்று வந்தது அந்த மெயிலுக்குப் பதில். மேலே அவன் பெயர். கீழே நான் எழுதிய அதே வரிகள். நடுவில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: இணைப்பைப் பார்க்கவும்.

படைப்புக்கு அழைத்ததற்கு வந்த பதிலை யாராவது திறக்காமல் இருப்பார்களா? நாகவல்லியாவது, வைரஸாவது! இணைப்பைத் தொட்டேன்.

நோட்பேடில் என்னென்னவோ திறந்தது. அடைப்புக்குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக, தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவன் எழுதிய தமிழ்தான் வருகிற வழியில் சிதைந்து போயிருக்கும் என்று நினைத்தேன். எங்காவது ஓர் இடத்தில் 'அண்ணன்' என்று இருக்காதா என்று, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரி வரை தேடினேன்.

என் மனைவி தேனம்மை காப்பியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "தம்பி பேரைப் பாத்துட்டா உங்களுக்குக் கண்ணுமண்ணு தெரியாதே! அந்தப் புள்ளையக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, போனையும் அவளே போட்டாள்.

நாகவல்லி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். திரையைப் பார்த்ததும் தலையில் கைவைத்தாள். "என்னண்ணே, இம்புட்டுச் சொல்லியும் தொட்டுட்டீகளே!"

"என் தம்பி எழுதியிருக்கான்மா. எழுத்து மட்டும் ஒடைஞ்சு வந்திருக்கு. அதைச் சரிபண்ணிக் குடு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "இது அவுக எழுதுனது இல்லண்ணே. அவுக கம்ப்யூட்டர்ல வைரஸ் பூந்திருக்கு. அதுவா உள்ள கெடக்குற பழைய மெயிலை எடுத்து, அதுக்குப் பதில் மாதிரி அனுப்பும். அப்பத்தேன் நம்ம ஆளுன்னு நம்பித் தொறப்போம். நல்ல வேளை, நோட்பேடுல தொறந்ததால ஓடல. இங்க ஒண்ணும் ஆகல."

ஒன்றும் ஆகவில்லையாம்! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறு வருஷம் கழித்து வந்த ஒரு வரி, அதையும் ஏதோ ஒரு பிசாசு எழுதியிருக்கிறது. "அழிச்சிரு" என்றேன்.

அழிக்கப் போனவள் சட்டென்று நிறுத்தினாள். "அண்ணே, ஒண்ணு கவனிச்சீகளா? கீழ இருக்கிறது நீங்க அப்ப எழுதுன மெயிலு. அது அங்குட்டு இல்லேன்னா வைரஸுக்கு எப்படிக் கெடைக்கும்? அவுக இன்னும் அதை அழிக்காம வச்சிருக்காக."

தேனம்மை காப்பித் தம்ளரை மேசையில் வைத்தாள். நான் கீழே இருந்த என் வரிகளை மறுபடி படித்தேன்.

"அவுகளுக்குச் சொல்லணும்ணே. மெயில்ல வேணாம், போன்ல சொல்லுங்க" என்றாள் நாகவல்லி.

அங்கே அப்போது காலை நேரம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான் என்று நான் வைக்கப்போன சமயத்தில் எடுத்தான்.

"ஆதி, நாந்தேன். உன் கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு. முதல்ல நெட்டைக் கழட்டு."

இத்தனை வருஷமாக மனசுக்குள் எத்தனையோ பேச்சு பேசிப் பார்த்திருக்கிறேன். இது அதில் இல்லவே இல்லை.

ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டது. "கழட்டிட்டேன்" என்றான். நாகவல்லி சொல்லச் சொல்ல நானும் சொன்னேன்: "தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக் காட்டு. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போடுவாக."

பிறகு, "அண்ணே, அழிச்சா பழைய மெயிலெல்லாம் போயிருமா?" என்றான்.

"போனாப் போகுது. என்னடா பெரிய மெயிலு?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதுக்கு நான் இன்னும் பதில் எழுதல."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். கண்ணாடி இருந்தும் பிரயோசனமில்லை.

"எழுத வேணாம்டா" என்றேன். "இந்தத் தையில படைப்பு வருது. இலை போடச் சொல்றேன். வந்து உக்காரு."