ரோதமுனிக்கு இரண்டு போத்தல்

இருளப்பனுக்குக் கோபம் வந்தால் மலைமேல் நிற்கிற மேகம்கூட எழும்பித் தெல்தெனியப் பக்கம் போய்விடும் என்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிற கதைதான். ஆனால் கோயில் கூட்டத்தில் அவர் மேசையில் அடித்த அடிக்குப் பிளேன்டீ கிளாஸ்கள் எகிறியதும், அடுத்த லயத்து வீட்டுக் கோழிகள் மூன்று நாள் முட்டையிட மறந்ததும் சத்தியமான உண்மை.

தேயிலைத் தோட்டத்துப் பழைய ஃபெக்டரிச் சக்கரத்தைக் காவல் காக்கிற சாமி ரோதமுனி. வருஷப் பூசைக்கு அவருக்கு ஒரு போத்தல் சாராயம் வைக்கவேண்டும். வீட்டுக்கு வீடு முறை. இருளப்பன் குடியை விட்ட பிறகு அவர் வீட்டு முறை மட்டும், அவரைக் கேளாமலே, பக்கத்து வீட்டுக்குத் தாவிக்கொண்டிருந்தது.

"அண்ணனைச் சோதிக்கக் கூடாதுன்னுதான்..." என்று அந்தக் கூட்டத்தில் இழுத்தார் கோயில் தலைவர் ராஜலிங்கம்.

"குடிச்சுட்டுச் சாக்கடக் கானுக்குள்ள கெடந்தப்போ கோயில் சாவியவே என் கையில குடுத்தீங்க! விட்டுப் பதினேழு வருசமாச்சு. இப்ப ஒரு போத்தலத் தூக்கிட்டு வர நான் ஆகமாட்டேனா?"

ராஜலிங்கம் பயந்துபோய்த் தலையாட்டினார்.

பூசையன்று கண்டியில் போத்தலை வாங்கி, பேப்பரில் சுற்றி, குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினார் இருளப்பன். மடியில் அது பச்சைக் குழந்தை மாதிரிப் படுத்திருந்தது. குடித்த காலத்தில் கோபத்தை ஊற்றி ஊற்றி அமுக்கிவைத்தார். விட்டதும் அது மகாவலி ஆற்றில் முங்கிக் கிடந்த எருமை மாதிரித் தலையைத் தூக்கியது. முதல் வருஷங்களில் வீட்டுச் சட்டிபானை எதுவும் தப்பவில்லை. பிறகுதான், கோபம் வந்தால் வாயைத் திறக்காமல் கோடாலியை எடுக்கப் பழகினார். அவர் பிளந்த விறகு லயத்துக்கே அடுத்த தலைமுறை வரை காணும்.

திகனயில் ஏறிய பழைய கூட்டாளி சுவக்கின், பேப்பர் சுற்றைப் பார்த்ததும் கண்கலங்கிவிட்டான்.

"மச்சான்! திரும்பி வந்துட்டியா? மாதா என் செபத்தைக் கேட்டுட்டா!"

"சாமிக்குடா."

"நம்மளும் அப்பிடித்தானே சொல்லுவோம்! எறங்கு, எறங்கு, கடிச்சுக்க நான் வாங்கித் தாறேன்."

இருளப்பன் பல்லைக் கடித்த சத்தத்தில், கியர்தான் உடைந்ததென்று டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டினான்.

மலையேறிப் பூசைக்கல்லுக்கு வந்தார். கல்லின்மேல், சுருட்டுக்குப் பக்கத்தில், ஏற்கனவே ஒரு போத்தல் நின்றது.

"இது யாரு வச்சது?"

ராஜலிங்கம் பலிக்குக் கட்டியிருந்த சேவலைப் பார்த்தார். சேவல் ராஜலிங்கத்தைப் பார்த்தது.

"நான்தான்" என்று முன்னால் வந்தாள் பாப்பம்மா, இருளப்பன் பெண்டாட்டி. "வழியில உங்களுக்கு ஏதும் ஆயிட்டா சாமிக்குக் கொற வந்துருமில்ல."

ஊர் நம்பாததைத் தாங்கலாம். ஒரே பாயில் படுக்கிறவள்! இருளப்பனின் காது மடல் அடுப்புத் தணலாகிவிட்டது.

"நீயுமா புள்ள? இத்தன வருசத்துல ஒரு நாளு, ஒரு சொட்டு...?"

"நம்பிக்க வந்து ரொம்ப நாளாச்சுங்க. பயந்தான் போகமாட்டேங்குது. அத நான் என்ன செய்ய?"

இருளப்பனுக்குக் கோபம் இரட்டிப்பானது. தான் கொண்டுவந்த போத்தலைத் திருகினார். வாசனை பதினேழு வருஷத்தை ஒரே தாண்டாகத் தாண்டி மூக்கில் ஏறியது. நாக்கடியில் ஊறியது, பொய் சொல்வானேன். அந்த ஊறலின் மேலும் அவருக்குக் கோபம் வந்தது.

சாமிக்கு ஒரு மூடி ஊற்றிவிட்டு மிச்சத்தை ஆம்பிளைகள் பிரசாதமாகப் பங்கிடுவது வழக்கம். இருளப்பன் போத்தலையே கவிழ்த்தார். கடைசிச் சொட்டு வரை.

"அண்ணே! அண்ணே! பிரசாதம்!" என்று கையை நீட்டினார் ராஜலிங்கம்.

அடுத்த போத்தலும் கவிழ்ந்தது. ரோதமுனி அன்றைக்குத்தான் வயிறு நிறையக் குடித்திருப்பார். அங்கே புல் இன்னும் சாய்ந்துதான் முளைக்கிறது. ஆம்பிளைகள் எழவு வீடு மாதிரி நின்றார்கள்.

"அடுத்த மொறயும் நான்தான் கொண்டாருவேன்" என்றார் இருளப்பன் பாப்பம்மாவிடம். "ஒரு போத்தல். ஒன்னே ஒன்னு. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றாள். சரியென்று சொல்லவில்லை.

அவர் விடுவிடுவென்று வீட்டுக்கு இறங்கினார். குறுக்குப் பாதையில் முந்திப் போயிருந்த பாப்பம்மா, கொல்லையில் கோடாலியோடு நின்றாள். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார்.