யாரும் வெளியேற முடியாத வாசல்

பைசாந்து ஊரில், ரொட்டிக்கடைக்கு மேலே இருக்கும் எங்கள் ஒற்றை அறையில், அந்தச் சனிக்கிழமை காலை மூன்று பேர் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். கணினிக்குள் கட்டடம் வரைகிறவள் லியோனோர். அது இயங்குவதற்கான நிரலை எழுதுகிறவன் தார்தோ. வாடிக்கையாளர்களிடம் பேசுவதும் திட்டு வாங்குவதும் என் வேலை. என் பெயர் ஸுல்மா.

அன்று எங்கள் கட்டடத்துக்குச் சோதனை. வீடு கட்டும் கூட்டுறவுகளின் சம்மேளனம், தன் ஆட்கள் நாட்டின் நாலா மூலையிலிருந்தும் பஸ் பிடித்து வராமல் கூடிப் பேச இணையத்தில் ஒரு மன்றம் கேட்டிருந்தது. ஆள் வீட்டில் இருப்பார். அவருக்குப் பதிலாக ஒரு சின்ன உருவம் மன்றத்துக்குள் நடக்கும். பிடித்துவிட்டால் எங்களுக்கு ஒரு வருட வேலை. இல்லையென்றால் கடையை மூட வேண்டியதுதான், லியோனோர் மாட்ரிட் போய்விடுவாள். அங்கிருந்து வேலைக்கு அழைப்பு வந்தாயிற்று. அன்றைக்கே போன் செய்து அவள் முடிவைக் கேட்பார்கள்.

"ஏர்போர்ட்ல நீ அழுதா எனக்கு அசிங்கம்டி, இப்பவே அழுது முடிச்சுடு," என்றாள் என்னிடம்.

அவள் கட்டிய மன்றம் அவ்வளவு அழகு. வட்டக் கூடம், கண்ணாடிக் கூரை, தரையெல்லாம் அந்தி நேரத்து ஆற்று வெளிச்சம் ஓடும். மேடையில் ஏறினால் குரல் எல்லோருக்கும் கேட்கும். மற்ற இடங்களில் பக்கத்தில் நிற்பவர் பேச்சு மட்டும்தான் காதில் விழும். தார்தோ தன் பங்குக்கு ஒவ்வொரு உருவத்தின் கக்கத்திலும் ஒரு வெந்நீர் பிளாஸ்க்கைச் செருகியிருந்தான்; மூலிகைத் தேநீருக்கு அது இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் வெளியே கிளம்ப மாட்டார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவன் பிடிவாதமாக இருந்தான்: வெளியேறும் பொத்தான் கிடையாது.

"சொல்லாம கொள்ளாம பொத்தானை அமுக்கிட்டு மறைஞ்சு போறதா? எங்க வீட்டுல அப்படிப் போனா திரும்பி உள்ளயே விடமாட்டாங்க. நடந்து போகணும், எல்லாருக்கும் கன்னத்துல முத்தம் குடுக்கணும், வாசலைத் தாண்டணும்."

எங்கள் மூவருக்கும் அது சரியென்றே பட்டது. வேறு எப்படிக் கிளம்புவார்கள்?

நாற்பது பேர் வந்தார்கள். சம்மேளனத் தலைவி வால்கிரியா கூட்டத்தைத் தொடங்கினார். புதிதாக வாங்கிய சிமெண்ட் கலவை இயந்திரம் முதலில் சால்டோ ஊர்க் கூட்டுறவுக்கா, ரிவேரா ஊர்க் கூட்டுறவுக்கா? சால்டோவின் ஒவிதியோ மேடையேறி ஒரு தாளைப் படித்தார். ரிவேராவின் நயீர் இன்னொரு தாளைப் படித்தாள். மற்றவர்கள் வாயே திறக்கவில்லை.

"சாவு வீட்டுல கூட இதைவிட நல்லாப் பேசிப்பாங்க," என்று தார்தோ முணுமுணுத்தான்.

"சரி, முடிவுக்கு வரல. கலைவோம்," என்றார் வால்கிரியா. "இந்தக் கட்டடத்தைப் பத்தி அப்புறமா சொல்லி அனுப்பறேன்."

அந்த 'அப்புறமா'வைக் கேட்டு லியோனோர் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

பிறகுதான் அது நடந்தது. நாற்பது உருவங்களும் வாசலுக்கு நடந்தன. வாசல் இரண்டு ஆள் அகலம். ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் முத்தம் கொடுக்க நின்றார்கள். விடைபெற்றவர் ஒரு வார்த்தை விட்டுப்போயிற்று என்று திரும்பி வந்தார். கன்னம் படும்போதெல்லாம் 'ச்சு' என்று சத்தம் வரும்படி தார்தோ வைத்திருந்தான். ஓட்டுக்கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல அது பொரிந்து தள்ளியது. ஒருவராலும் வெளியே போக முடியவில்லை.

"போச்சு! பொத்தான் வச்சுடறேன், ரெண்டே நிமிஷம்," என்று தார்தோ விசைப்பலகைமேல் பாய்ந்தான்.

லியோனோர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கையை எடுடா. என்ன பேசறாங்கன்னு கேளு!"

வாசலில் நயீரின் குரல் கணீரென்று கேட்டது. "ஏன் ஒவிதியோ அண்ணே, இன்னும் அஸ்திவாரமே போடல, அந்த மெஷினை வச்சு என்ன, சூப்பா வைக்கப் போறீங்களா?"

"குழி தோண்டிட்டோம்மா. மழை பேஞ்சு நிரம்பிப் போச்சு."

"அப்போ தண்ணி வத்தற வரைக்கும் எங்களுக்குக் குடுங்களேன்!"

"இதை மேடையில சொல்றதுக்கென்ன?"

"அங்க ஏறினா பேச்சு வரலையே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ லாரி தருகிறேன் என்றார். இன்னொருவர் ஓட்டுநர் தன் மைத்துனன்தான் என்றார். வழக்கு தீர்ந்தது, இன்னொரு சுற்று 'ச்சு' தொடங்கியது.

கூட்டத்தின் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்த வால்கிரியா கத்தினார்: "யாரு கட்டினது இந்த வாசலை?"

லியோனோர் மைக்கைத் திறந்தாள். "நான்தான் அக்கா. தப்பாயிடுச்சு."

"தப்பாவது ஒண்ணாவது! அகலப்படுத்து பொண்ணே! அந்த வட்டக் கொட்டாய் எங்களுக்கு வேண்டாம். பேச்சு இங்கதான் வருது. இந்த வாசலைக் குடு, நாங்க எடுத்துக்கறோம்."

மூன்று மாதமாக இழைத்த கூடத்தை லியோனோர் ஒரு முறை பார்த்தாள். அப்புறம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, நின்றபடியே, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே வாசல் சுவர்களைத் தள்ள ஆரம்பித்தாள்.

"ஐயோ, சுவரு நகருது!"

"நகரட்டும், என் காலை விடு நீ!"

இரண்டு பக்கமும் பெஞ்சு முளைத்தது. மேலே கூரை நீண்டது. வட்டக் கூடத்தை அவளே அழித்தாள். ஆற்று வெளிச்சத்தை மட்டும் சுருட்டி எடுத்துவந்து வாசல் தரையில் விரித்தாள். நாற்பது பேரும் ஒரே குரலில் "ஓ!" என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து மேஜைமேல் போன் அடித்தது. மாட்ரிட்.

"நீ பேசு ஸுல்மா," என்றாள் லியோனோர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்னால வர முடியாதுன்னு சொல்லிடு. வாசல்ல ஆளுங்க நிக்கறாங்க."