வலது பக்கத்து இஞ்சின்

கேப்டனுக்கு அன்று காலையிலிருந்தே அலுப்பு. உடம்பு அலுப்பு என்றால் ஒரு தூக்கம் போட்டால் தீர்ந்துவிடும். இது அந்த ரகமில்லை. மூன்று மாதமாக இஞ்சின், இஞ்சின் என்று ஒரே பேச்சு. தட்டில் கை வைத்தால் இஞ்சின், தலை துவட்டும்போது இஞ்சின். மாற்றுவதா, வேண்டாமா? ஒரு மனுஷன் எத்தனை நாளைக்குத்தான் இதையே மென்றுகொண்டிருப்பான்!

கேப்டன் என்பது ஊர் வைத்த பேர். கப்பலெல்லாம் ஒன்றுமில்லை. ஆற்றின் இந்தக் கரையில் நாற்பது பேரை ஏற்றி அந்தக் கரையில் இறக்கிவிட்டு, அங்கே இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புகிற பழைய மரப் படகு. அதில் அவருக்குப் பாதி, தங்கைக்குப் பாதி. அவர் ஓட்டுவார், தங்கை துறையில் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பாள். வெயிலானாலும் அங்கேதான், மழையானாலும் அங்கேதான், பாவம்.

படகின் வயிற்றில் இரண்டு டீசல் இஞ்சின்கள், இடது ஒன்று, வலது ஒன்று. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால்தான் படகு நேராகப் போகும். வேகம் காட்டுகிற மீட்டர்கள் செத்துப்போய் வருஷக்கணக்காகிறது. மாற்றச் சொன்னவர்களையெல்லாம் கேப்டன் ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார். அவருக்கு எதற்கு மீட்டர்? இஞ்சின்கள் ஒத்துப் போகாவிட்டால் சத்தம் ஏறி ஏறி இறங்கும், வூம்... வூம்... என்று. ஒரு இஞ்சினின் வேகக் கைப்பிடியை நூலளவு தள்ளினால் அந்த ஏற்ற இறக்கம் மெல்ல அடங்கி, இரண்டு சத்தமும் ஒன்றாகிவிடும். அதைக் காதாலேயே பிடிப்பார். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

அந்தக் காதுதான் போன மழைக்காலத்திலிருந்து மந்தம். யாரிடமும் மூச்சு விடவில்லை மனுஷன். ரகசியமாகப் போய்க் காதுக்கு ஒரு மெஷின்கூட வாங்கிப் பார்த்தார். இஞ்சின் இரைச்சலில் அது கொய்யென்று கத்தியதே தவிர ஒரு பிரயோஜனமும் இல்லை. இப்போது அலமாரியில் வேட்டிக்கு அடியில் கிடக்கிறது. அப்புறம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நின்று, பலகையின் அதிர்வை வைத்தே இரண்டு இஞ்சினையும் சரி பார்க்க ஆரம்பித்தார். சரியாகத்தான் பார்க்கிறோம் என்று நம்பவும் செய்தார்.

வலது இஞ்சின் கரும்புகை கக்கத் தொடங்கியது. எண்ணெயைத் தண்ணீராகக் குடித்தது. படகு இடது பக்கமே இழுத்தது. சுக்கானை வலப்பக்கம் திருப்பிப் பிடித்துப் பிடித்து அவருக்குத் தோள்பட்டை கழன்றது. “இஞ்சினுக்கு வயசாயிடுச்சு” என்றார். பழியைத் தூக்கி இரும்பின் மேல் போடுவது எவ்வளவு சௌகரியம்! இரும்பு எதிர்த்துப் பேசவா போகிறது?

தங்கை அதை அப்படியே நம்பினாள். “ஒண்ணை மாத்தினா போதாதுண்ணே. மாத்துறதுதான் மாத்துறோம், ரெண்டையும் மாத்திடுவோம்” என்றாள். அதற்காக அவள் விற்கப்போவது தன் மனையை. புருஷன் போன பிறகு ஒன்பது வாடகை வீடு மாறியவள். ஒன்பது வீட்டுக்காரர்கள்: ஆணி அடிக்காதே, சத்தம் போடாதே, தண்ணீரைப் பார்த்துச் செலவு பண்ணு. போதும் போதும் என்றாகி, சொந்தமாக நாலு சுவர் எழுப்ப வாங்கிப் போட்ட துண்டு நிலம் அது. வாங்குகிறவர் நாளைக் காலையில் கையெழுத்துக்கு வரச் சொல்லியிருந்தார். “படகு ஓடினாத்தானே நீ நிம்மதியா இருப்பே” என்று அண்ணனிடம் சொன்னாள். அன்றிலிருந்துதான் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மத்தியானம், நடை இல்லாத நேரத்தில் மெக்கானிக் வந்தார். நாற்பது வயது ஆள், வெட்டிப் பேச்சு கிடையாது. புது இஞ்சினுக்குச் சொல்லிவிடும் முன் பழசை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவரே பிடிவாதம் பிடித்திருந்தார். படகைக் காலியாகவே நடு ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள்.

“ரெண்டையும் சமமா வைங்க கேப்டன். நான் கீழ போய் என் மீட்டர் வெச்சுப் பாக்குறேன்.”

கேப்டன் பாதத்தை அழுத்தி ஊன்றிக்கொண்டு கைப்பிடிகளை நகர்த்தினார். “ம், இப்ப சரி” என்று குனிந்து கத்தினார். மெக்கானிக் தலையை நீட்டி, இன்னொரு தடவை வைக்கச் சொல்லி ஜாடை காட்டினார். இன்னொரு தடவையும் வைத்தார். ஆறு அமைதியாக இருந்தது. வெயிலில் கண் கூசியது. ஒரு நிமிஷம் கண்ணை மூடினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

திடீரென்று யாரோ அவர் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். மெக்கானிக்! வாய் திறந்து திறந்து மூடியது. வலப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் என்று சொல்லலாம், மணல் ஏற்றிய பெரிய படகு ஒன்று வீடு மாதிரி வந்துகொண்டிருந்தது. கேப்டன் சுக்கானை முழுக்கத் திருப்பினார். மணல் படகு ஒட்டி உரசாத குறையாகக் கடந்து போனது. அதன் மேல் நின்றவர்கள் கையை நீட்டி நீட்டித் திட்டியது தெரிந்தது. என்ன திட்டினார்கள் என்றுதான் தெரியவில்லை.

துறைக்கு வந்து கயிறு கட்டியதும் மெக்கானிக் இஞ்சின்களை அணைத்தார். கேப்டனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

“எத்தனை ஹாரன் அடிச்சான் தெரியுமா? இஞ்சின் பக்கத்துல குனிஞ்சிருந்த எனக்கே கேக்குது!”

“கவனிக்கல தம்பி.”

“கவனிக்கலையா, கேக்கலையா?”

கேப்டன் கயிற்று முடிச்சை மறுபடி இழுத்து இறுக்கினார்.

“சமமா வெச்சுட்டேன்னு சொன்னீங்களே, வலது முந்நூறு சுத்து கூட ஓடுது. ரெண்டு தடவையும் அதேதான். இப்படி ஓட்டினா எந்த இஞ்சின் தாங்கும்? இடது கல்லு மாதிரி இருக்கு. வலதை மட்டும் பிரிச்சு வேலை பார்த்தா இன்னும் ஆறேழு வருஷம் ஓடும். புதுசே வேணாம்.”

“மீட்டர் மாட்டிட்டா நான் பார்த்து ஓட்டிக்கிறேன்.”

“இஞ்சினுக்கு மீட்டர் மாட்டலாம். ஹாரனுக்கு என்னத்த மாட்டுவீங்க?” மெக்கானிக் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். “புதுசு மாட்டச் சொன்னா மாட்டிட்டுப் போறேன், எனக்கென்ன, வேலைதானே. ஆனா இன்னிக்கே உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நாளைக்கு நான் சொல்ற மாதிரி வெச்சுக்காதீங்க.”

அவர் போய்விட்டார். கேப்டன் படகிலேயே உட்கார்ந்திருந்தார். ‘இஞ்சின் அவ்வளவுதானாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக் காலையும் சுக்கான் அவர் கையில்தான். மெக்கானிக் வாயைக் கட்டுவதும் பெரிய காரியமில்லை. கெஞ்சினால் இரக்கப்படுகிற ஆள்தான். தங்கை பத்தாவது வீட்டுக்குப் பாத்திரம் பண்டம் தூக்குவாள். அந்த மணல் படகு, நாற்பது பேர் இருக்கும்போது வந்தால்? சே, என்ன மனுஷன் நான் என்று தோன்றியது.

சாயந்திரம், கடைசி நடைக்கு வரிசை சேர ஆரம்பித்த பிறகுதான் கூண்டின் பக்கவாட்டுக் கதவைத் தட்டினார். மனைப் பத்திரம் துணிப்பைக்குள் தயாராக இருந்தது.

“என்னண்ணே சொன்னார்? நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடலாமா?”

“போடாதே.”

“ஏன்?”

“இஞ்சின் நல்லாத்தான் இருக்கு. வலதைக் கெடுத்தது நான்தான். எனக்குக் காது கேக்கலம்மா. மத்தியானம் மணல் படகு மேல கொண்டுபோய் விட இருந்தேன். அவன் ஹாரன் அடிச்சதே தெரியல.”

அவள் கையில் பாதி கிழித்த டிக்கெட் அப்படியே நின்றது.

“எப்போலேர்ந்து?” அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டாள்.

“போன மழைக்காலத்துலேர்ந்து.”

“ஒரு வருஷமா! தினம் இத்தனை பேரை ஏத்திக்கிட்டு! மனையை விக்கிறேன்னு உன்கிட்ட வந்து சொன்னேனே, அப்பக்கூட வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தே?”

அழுவாள் என்று நினைத்தார். ‘போகட்டும்ணே’ என்பாள் என்றும் எங்கோ ஒரு நப்பாசை. இரண்டும் நடக்கவில்லை. அவள் கையை நீட்டினாள்.

“சாவி.”

“கடைசி நடை இருக்கே. ஆளுங்க நிக்கிறாங்களே.”

“நிக்கட்டும். சாவியைக் குடு.”

கொடுத்தார். வாங்கி மேஜைக்குள் போட்டுப் பூட்டினாள். எதிர்க்கரையில் வேலையில்லாமல் இருந்த படகோட்டி ஒருவருக்கு அங்கேயே போன் போட்டாள். அவள் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. “காலைல வர்றாராம்” என்று அண்ணனின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சில்லறையைக் கொட்டினாள். அப்போதுதான் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

“வரிசையில போய்ச் சொல்லு. எனக்குத் தெம்பில்ல. நீயே சொல்லு.”

பத்தடி தூரம்தான். நடந்து நடந்து தீரவில்லை. வரிசையில் முப்பது பேர் இருப்பார்கள்; காய்கறிப் பை, குடை, தோளில் தூங்கும் ஒரு குழந்தை. எல்லாம் தினம் பார்க்கிற முகங்கள்.

“கடைசி நடை கிடையாது. பணத்தைத் திருப்பி வாங்கிக்குங்க. பாலத்து வழியா பஸ் போகுது.”

சலசலப்பு எழுந்தது. முதலில் நின்ற தையல்காரர் இருபது வருஷமாக இந்தப் படகில்தான் வீட்டுக்குப் போகிறார். முகத்தில் அத்தனை பரிதாபத்தோடு எதையோ கேட்டார். வாயசைவிலேயே தெரிந்தது: என்ன கேப்டன், இஞ்சின் போச்சா?

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். பழைய படகு, என்ன செய்வார் பாவம் என்று சொல்லிக்கொண்டே கலைந்துவிடுவார்கள்.

“இல்ல” என்றார் கேப்டன். “இஞ்சின் நல்லாருக்கு. எனக்குத்தான் காது கேக்காது.”

எவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. துறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.