பெண்கள் வாசல் பூட்டு

சேலம் கடைவீதியில் அர்த்தநாரி முதலாளியின் கொட்டகை இல்லாவிட்டால் ஊருக்குப் பொழுதும் போகாது, காரியமும் நடக்காது. நாடகக் கம்பெனி வந்தாலும் அங்கேதான், டாக்கிப் படம் காட்ட வந்தாலும் அங்கேதான். குஸ்தி, யுத்த நிதிக் கூட்டம், நூல் வியாபாரிகளின் பஞ்சாயத்து, மழைக்காலத்தில் பெரிய வீட்டுக் கல்யாணம் எல்லாமே அந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான். அதை நம்பித்தான் சுற்றியிருந்த வெற்றிலைக் கடையும் சோடாக் கடையும் ஜட்கா வண்டிக்காரர்களும் பிழைத்தார்கள். கடைவீதிக்கே சோறு போடுகிறவன் நான் என்று முதலாளி வாய் ஓயாமல் சொல்லிக்கொள்வார்.

அவர் போட்ட சோற்றின் லட்சணத்தைச் சென்னம்மாளிடம் கேட்க வேண்டும். பெண்கள் வாசலில் சீட்டுக் கிழிக்கிறவள் அவள்தான். பெண்களுக்கென்று பக்கத்துச் சந்தில் ஒரே ஒரு கதவு. எல்லாரும் உள்ளே போனதும் அதை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். சாவி முதலாளியின் இடுப்பில் தொங்கும். ஆட்டம் முடிந்து, ஆண்கள் முன்வாசல் வழியாக வெளியே வந்து, சந்தில் வரிசையாக நின்று, அவரவர் வீட்டுப் பெண்களைக் கூட்டிப்போகத் தயாரான பிறகுதான் பூட்டுத் திறக்கும். கடைவீதி வியாபாரிகள் எல்லாரும் கூடிப் பேசிக் கேட்டு வாங்கிய ஏற்பாடு இது. எங்கள் வீட்டுப் பெண்கள் தெருக்கூட்டத்தில் இடிபட்டால் எங்கள் மானம் என்னாவது என்றார்களாம்.

சென்னம்மாளுக்கு அந்தப் பூட்டைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். உள்ளே ஒருத்திக்கு மயக்கம் வந்தால்? ஒருத்திக்கு வயிற்றைக் கலக்கினால்? தெரு நாய்க்குக்கூட வந்த வழியே திரும்பிப் போக முடிகிறது, காசு கொடுத்து உள்ளே போனவளுக்கு முடியாதா? இன்னொரு சாவி செய்து தன்னிடம் கொடுங்கள் என்று அவள் முதலாளியிடம் கேட்காத மாதம் இல்லை. அவள் கையில் சாவி போனால் பாதிப்பேர் சீட்டில்லாமல் உள்ளே போய்விடுவார்கள் என்று அவர் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்தார். ஒரு தம்பிடி திருடாதவளை அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பங்குனியில் முதலாளிக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரே சீட்டுக்கு இரண்டு ஆட்டம். முதலில் குஸ்தி, பிறகு நாடகம். நாடகம் பார்க்க வருகிற பெண்கள் இடம் பிடிக்க மத்தியானமே வந்துவிட்டார்கள். முதலாளியின் மனைவி குஞ்சம்மாளும் வந்தாள். ஆட்டையாம்பட்டியிலிருந்து தறிக்காரர் வீட்டுப் பெண் பாப்பாயி வந்தாள். கொட்டகைக்குள் அதுவரை காலே வைத்ததில்லை என்று சொல்லிக்கொண்டு, சீட்டைக் கொடுக்க மனசில்லாமல் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். முதலாளி வந்தார், பூட்டினார், சாவியைச் செருகிக்கொண்டு முன்பக்கம் போனார்.

குஸ்தியில் பந்தயம் கட்டியிருந்தார்கள். தோற்க வேண்டியவன் ஜெயித்துவிட்டானோ, ஜெயிக்க வேண்டியவன் காசு வாங்கிக்கொண்டு விழுந்தானோ, யாருக்குத் தெரியும். ஒரு பக்கம் கள்ளாட்டம் என்று கத்தினார்கள். அடுத்த நிமிஷம் பெஞ்சு பறந்தது. ஆண்களையும் பெண்களையும் பிரிக்கிற மூங்கில் தட்டி மடமடவென்று சரிந்தது. அடித்தவனும் அடிபட்டவனுமாகக் கூட்டம் அப்படியே பெண்கள் மேல் வந்து விழுந்தது.

வெளியே சந்தில் உட்கார்ந்திருந்த சென்னம்மாளுக்கு முதலில் கதவு அதிர்வதுதான் தெரிந்தது. பிறகு அலறல். கதவைத் திற, கதவைத் திற என்று உள்ளே உயிர் போகிற சத்தம். முன்வாசலுக்கு ஓடினாள். அங்கே வெளியே பாய்கிற கூட்டத்தில் முதலாளியைக் காணோம். சண்டை மூண்டதுமே ஜட்காவில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார் என்றான் வண்டிக்காரன் ஒருவன். பெண்டாட்டி உள்ளே கிடக்கிறாள், சாவி இடுப்பில் கிடக்கிறது, மனுஷன் ஓடிவிட்டார்! சென்னம்மாள் திரும்பி வந்தாள். குஸ்திக்கு மண் கொத்திய கடப்பாரை சுவரில் சாய்த்திருந்தது. முதலாளியின் பூட்டாயிற்றே, ஏதாவது சொல்லுவார் என்று சோடாக்கடைக்காரன் இழுத்தான். அவனைத் தள்ளிவிட்டுக் கடப்பாரையைப் பூட்டுத் தொங்கிய நாதாங்கிக்குள் விட்டு நெம்பினாள். பூட்டும் நாதாங்கியும் மரத்துண்டோடு பிய்ந்து வந்தன.

கதவு திறந்ததும் பெண்கள் நடந்து வரவில்லை, மூட்டை அவிழ்ந்ததுபோல் வெளியே வந்து விழுந்தார்கள். சேலை கிழிந்து, தலை அவிழ்ந்து, வளையல் உடைந்த கையில் ரத்தத்தோடு கடைவீதியின் நட்டநடுவில் போய் நின்றார்கள். குஞ்சம்மாளின் முழங்கை பிசகியிருந்தது. பாப்பாயியைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். கதவோடு கதவாக நசுங்கியவள் அவள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விலா எலும்பு நொறுங்கிவிட்டது, பிழைத்தால் உண்டு என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில் கொட்டகையில் வியாபாரிகள் கூடி விசாரணை. முன்வாசலைப் போலீஸ் பூட்டி முத்திரை வைத்திருந்ததால் எல்லாரும் பெண்கள் வாசல் வழியாக உள்ளே போய், பெண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்தார்கள். தச்சன் விடியும்போதே புது நாதாங்கி அடித்துவிட்டுப் போயிருந்தான். அதில் முதலாளி வாங்கிவந்த பெரிய திண்டுக்கல் பூட்டு சாவியோடு திறந்தபடி தொங்கியது. வியாபாரிகளில் அப்புசாமி இருந்தார், சண்முகவேல் இருந்தார், இன்னும் பெரிய தலைகள் எல்லாம் இருந்தார்கள். சென்னம்மாளை நிற்கவைத்தார்கள்.

பந்தயம் கட்டியவனைப் பற்றி ஒரு பேச்சில்லை. பெஞ்சைத் தூக்கி எறிந்தவனைப் பற்றிப் பேச்சில்லை. பாப்பாயியின் பெயரை ஒருவர் வாயெடுத்துச் சொல்லவில்லை. விசாரணை எதற்கென்றால், எங்கள் வீட்டுப் பெண்களைக் கிழிந்த சேலையோடு கண்டவன் பார்க்கத் தெருவில் விட்டதற்கு! ஆண்கள் வந்து நிற்பதற்கு முன்னால் கதவைத் திறக்க இவள் யார் என்றார் அப்புசாமி. நேற்று உருண்டு அடித்துக்கொண்டவர்களில் அவர் மகனும் ஒருவன். சண்முகவேல் ஒருபடி மேலே போய், இந்தக் கழுதை பூட்டை உடைக்காமல் இருந்திருந்தால் விஷயம் உள்ளோடு போயிருக்கும் என்றார்.

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லார் கால்லயும் உழுந்து மன்னிப்புக் கேட்டுக்க, சென்னம்மா. வேலையில இருந்துக்கலாம். புதுப் பூட்டு வாங்கியாச்சு, சாவி எங்கிட்டத்தான் இருக்கும்."

சென்னம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அழுகை இல்லை, ஆத்திரம். "அங்கொருத்தி மூச்சு விடமாட்டாம கெடக்கறாளுங்க, மொதலாளி. அவள யாருங்க கேக்கறது?" என்றாள்.

அது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் காலில் விழு என்றார்கள்.

அவள் விழவில்லை. திரும்பி நடந்தாள். பயந்து போகிறாள், சாயங்காலம் தானாக வருவாள் என்று யாரோ சொல்வது காதில் விழுந்தது. வாசலைத் தாண்டினாள். கதவை இழுத்துச் சாத்தினாள். திண்டுக்கல் பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பி உருவினாள். படியில் உட்கார்ந்தாள்.

உள்ளே இருந்தவர்கள் முதலில் கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். பிறகு கதவைத் தட்டினார்கள். பிறகு இடித்தார்கள். முதலாளி அவளைப் பெயர் சொல்லி அதட்டினார், அப்புறம் வைதார், அப்புறம் கெஞ்சினார். வெயில் ஏற ஏறத் தகரக் கூரை காய்ந்தது. உள்ளே ஒருவர் தண்ணீர் கேட்டார், ஒருவர் மூச்சடைக்கிறது என்றார். சந்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சிலர் சிரித்தார்கள், சிலர் பாவம் பெரிய மனுஷர்கள் என்றார்கள். யாரும் அவள் பக்கம் நெருங்கவில்லை. படியோரம் கிடந்த நேற்றைய கடப்பாரையை எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

யாரோ போய்ச் சொல்லி, குஞ்சம்மாள் கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். வருகிற வழியில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே சென்னம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"பாப்பாயி போயிட்டா," என்றாள் குஞ்சம்மாள்.

சென்னம்மாள் எழுந்து சாவியை நீட்டினாள். முதலாளி வீட்டம்மா, அவள் புருஷன் உள்ளே, இனி அவள் பாடு. குஞ்சம்மாள் நல்ல கையால் சாவியை வாங்கிக்கொண்டாள். வெளியே அவள் குரல் கேட்டதும் முதலாளி, "குஞ்சு, தெற, உசுரு போவுது," என்று உள்ளிருந்து கத்தினார்.

குஞ்சம்மாள் கதவைப் பார்த்தபடியே கேட்டாள். "நேத்து நாங்க கத்துனது வெளிய கேட்டுச்சா, சென்னம்மா?"

"கேட்டுச்சுங்கம்மா."

"எங்கூட்டுக்காரருக்கு?"

"அவரு அதுக்கு முன்னாலயே ஜட்கால ஏறிப் போயிட்டாருங்கம்மா."

குஞ்சம்மாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அதே படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.