முதலில் வெளியே போகிறவர்

கம்பெனியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ச்சி செய்வதென்றால், எங்கள் ஏரிப் பக்கத்தில் திட்டத்தைச் சௌனா என்கிற நீராவிக் குளியல் அறையில் உட்கார்ந்துதான் பேசி முடிப்பார்கள். ஆபீசில் பேசுவதெல்லாம் காப்பி குடிப்பதற்கான சாக்கு. துண்டைக் கட்டிக்கொண்டு ஆவிக்குள் உட்கார்ந்துவிட்டால் யார் மேனேஜர், யார் பேராசிரியர் என்று தெரியாது. விதி ஒன்றே ஒன்றுதான்: முதலில் எழுந்து வெளியே போகிறவர் தன் நிபந்தனையை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. அதனால்தான் எல்லோரும் மதிக்கிறார்கள். ஒருமுறை மர ஆலைக்காரரும் வனத்துறைப் பேராசிரியரும் எழுந்திருக்க மறுத்து, இலையுதிர்காலத்தில் உள்ளே போனவர்கள் முதல் பனி விழுந்த பிறகுதான் வெளியே வந்தார்கள். இருவரும் நான்கு விரல் உயரம் குறைந்திருந்தார்கள். மனைவிமார் ஒன்றும் பேசாமல் கால்சட்டைகளை மடித்துத் தைத்துக் கொடுத்தார்கள்.

அந்தப் பிப்ரவரி மதியம் சௌனா உறைந்த ஏரியின் மேலேயே நின்றது. சறுக்குக்கட்டை வைத்த சின்ன மரக்குடில் அது. "எந்த இடத்தைப் பத்திப் பேசுறோமோ அதுக்கு மேலயே உக்காந்து பேசுவோம்" என்று சொல்லி, டிராக்டர் வைத்து இழுத்து வரச் செய்தவர் ரைமோ கல்லுங்கி. கம்பெனியின் திட்டப் பொறுப்பாளர். கம்பெனிக்குக் கரையில் ஒரு பெரிய கணினிக் கூடம் இருந்தது. அந்த இயந்திரங்களைக் குளிர்வித்துச் சூடாகிப்போன தண்ணீரை ஒரு குழாய் வழியாக ஏரி அடியில் விட வேண்டும். ஏரி என்ன ஆகிறது என்று பல்கலைக்கழகம் அளந்து சொல்ல வேண்டும். இதுதான் திட்டம்.

டவுனோ ரைஹாவின் நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான். ஒரு குளிர்காலம் முழுக்கக் குழாய் இல்லாமல் பனிக்கட்டியை அளக்க வேண்டும். அதன் பிறகு திறக்கலாம். பல்கலைக்கழகத்தில் பனிக்கட்டியை அளப்பதுதான் அவன் வேலை. ஆனால் அவன் விடாப்பிடியாக உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் வேலை அல்ல. சௌனாவுக்குப் பக்கத்திலேயே, உறைந்த ஏரியின் மேலேயே போட்ட பனிச்சாலை தீவுக்கு ஓடியது. குளிர்காலத்தில் தீவுக்கு வேறு வழி கிடையாது. அந்தச் சாலையில் பள்ளிக்கூட வேனை ஓட்டியவள் அவன் அக்கா ஹெல்வி.

"டேய் டவுனோ, மூஞ்சி செவந்துபோச்சே" என்றார் கல்லுங்கி. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள். "வெளியில போய்க் கொஞ்சம் காத்து வாங்கு. உன் நிபந்தனையை நான் பத்திரமா பாத்துக்கறேன்."

"நான் பென்ஷனே இங்கதான் வாங்கப்போறேன், ரைமோ. நீ போய் வா."

மேல்பலகையில் மூன்றாவது ஆள், டவுனோவின் துறைத் தலைவர், பேராசிரியர் என்சியோ லிப்சனென். அவர் ஒரு வருஷத்தில் பேசும் வார்த்தைகளை ஒரு தபால்தலையின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். பசை தடவ இடமும் மிஞ்சும். அவர் ஒரு கரண்டி தண்ணீரை மொண்டு அடுப்புக் கற்களின்மேல் ஊற்றினார். ஆவி சீறிக்கொண்டு எழுந்து மூவரின் காதுகளையும் கடித்தது.

அப்போது அடியில் ஏரி முனகியது.

ஏரி முனகுவது புதிதல்ல. குளிர் இறுகும்போது பனிக்கட்டி கம்பியை மீட்டியதுபோல நீளமாகப் பாடும். டவுனோவுக்கு அந்தப் பாட்டின் எல்லா ராகமும் தெரியும். இது பாட்டாக இல்லை. நனைந்த மரத்தை யாரோ மெதுவாக வளைத்துப் பார்ப்பதுபோல இருந்தது.

"கேட்டீங்களா?" என்றான்.

"பயமுறுத்திப் பாக்குறியா? உங்க அம்மாகிட்ட போய்ச் சொல்லு" என்றார் கல்லுங்கி.

 பிறகு கீழ்ப்பலகையில் வைத்திருந்த டவுனோவின் கால்விரல்கள் நனைந்தன. தரைப் பலகையின் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பிப்ரவரி மாத ஏரித் தண்ணீர் காலில் பட்டால் எலும்பு வரை குத்தும். இது குத்தவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டலாம்போல வெதுவெதுப்பாக இருந்தது.



"ரைமோ, குழாயைத் திறந்துட்டியா?"

"போன வாரமே. சின்னதா, சும்மா ஒரு சோதனைக்கு."

"யாரைக் கேட்டுத் திறந்தே?"

"உங்க ப்ரொபசரைக் கேட்டுத்தான். போன மாசம் காப்பி குடிக்கும்போது கேட்டேன், திறக்கலாமான்னு. ஒண்ணும் சொல்லல. சரின்னு எடுத்துக்கிட்டேன்."

இருவரும் பேராசிரியரைப் பார்த்தார்கள். அவர் நெற்றி வியர்வையை நிதானமாக வழித்துவிட்டார்.

"நான் வேண்டாம்னு சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லாம இருந்தேனே. அவ்வளவு அழுத்தமா நான் யாருக்குமே வேண்டாம்னு சொன்னதில்ல."

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. டவுனோ சின்னக் கண்ணாடி ஜன்னலின் ஆவியைத் துடைத்தான். வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. தீவுப் பக்கமிருந்து இரண்டு முகப்பு விளக்குகள் பனிச்சாலையில் நிதானமாக வந்துகொண்டிருந்தன. நீச்சல் வகுப்புக்காகத் தீவுப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துவரும் நாள் அது.

"எழுந்திருங்க. ரெண்டு பேரும். இது முழுகுது."

"அப்ப நீ முதல்ல போ" என்றார் கல்லுங்கி.  பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

எழுந்தால் நிபந்தனை போச்சு. குழாய் இந்தக் குளிர்காலம் முழுக்கத் திறந்திருக்கும். எழாவிட்டால் இந்தக் குளிர்காலத்தைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்காது. டவுனோ கதவை உதைத்துத் திறந்து ஓடினான்.

துண்டு பாதி வழியிலேயே விழுந்துவிட்டது. பனிமேல் வெறுங்காலோடு, உடம்பெல்லாம் ஆவி பறக்க, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு வந்த உருவத்தைப் பார்த்து வேன் நின்றது. உள்ளே பிள்ளைகள் சிரிப்பில் உருண்டார்கள். ஹெல்வி கண்ணாடியை இறக்கினாள்.

"டேய், பிள்ளைங்க இருக்காங்கடா. துண்டை எங்கே போட்டே?"

"அக்கா, வந்த தடத்துலயே திரும்பு. பிள்ளைங்களை பெல்ட்டைக் கழட்டச் சொல்லு. கதவைத் திறந்து வெச்சிட்டு மெதுவா ஓட்டு."

ஹெல்வி அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் எறிந்துவிட்டு வண்டியைத் திருப்பினாள். சிரிப்புச் சத்தம் நின்றது. வேனுக்குப் பின்னால் ஒரு கீறல் சக்கரத்தடத்தின் ஓரமாகவே வளர்ந்துகொண்டு, வீட்டு நாய்போலத் தீவு வரை கூடப் போனது.

தண்ணீர் அடுப்பைத் தொட்டபோது சௌனாவுக்குள் மிச்சமிருந்த இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். ஒன்றாகவே, ஒரு ஆள் நுழையும் கதவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். இருவரில் யார் முதல் என்று இன்றுவரை முடிவாகவில்லை. குடில் இறங்கிப்போய்ப் புகைபோக்கி மட்டும் வெளியே நின்றது. ஏரி இரண்டு நாள் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த கூட்டம் ஆபீசில். சாலைத்துறைக்காரரும் வந்திருந்தார்.

"அடுப்புச் சூட்டுல உருகியிருக்கும்" என்றார் கல்லுங்கி. "ரைஹா முதல்ல வெளியே போனார். அதனால அவர் நிபந்தனை இல்லேன்னு ஆச்சு. ஆட்சேபணை உண்டா?"

"உண்டு" என்றான் டவுனோ.

அந்த அறையில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. எல்லோரும் தங்கள் காப்பிக்குள் பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள். மறுநாள் சாலை வழக்கம்போலத் திறக்கும் என்று சாலைத்துறைக்காரர் எழுதிக்கொண்டார்.

டவுனோ மறுபடியும் முதலில் எழுந்தான். நேராக ஏரிக்கரைக்குப் போய், பனிச்சாலை தொடங்கும் இடத்தில், பனிக்கட்டியின் மேலேயே, ஒரு வண்டியும் நுழைய முடியாதபடி தன் காரைக் குறுக்கே நிறுத்தினான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

காலையில் கார் இல்லை. அது நின்ற இடத்தில், அதே அளவில், நீள்சதுரமாக ஒரு துளை இருந்தது. அதிலிருந்து லேசாக ஆவி வந்தது. ஹெல்வி எதிரே தீவுக் கரையில் வேனை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாலைத்துறை அன்றே சாலையை மூடியது.

கல்லுங்கி பேராசிரியரோடு வந்து துளையை எட்டிப் பார்த்தார். பிறகு திட்டத்தின் முதல் அளவீடு முடிந்தது என்று எழுதிக்கொண்டு, பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"அப்ப குழாயை மூடிடலாமா?"

பேராசிரியர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.