டெஸ்டுக்குக் குடுத்த ரவுட்டர்

பிரபாகர் வந்த அன்னைக்கே கலைமணிக்கு அவனப் புடிக்கல. பெருசா ஒண்ணும் நடந்துடல. பெங்களூர்லருந்து வந்து எறங்குனவன் பைய ஆபீஸ்ல போட்டுட்டு, நேரா பக்கத்துல இருக்கற நஞ்சப்பன் வூட்டு சமையக்கட்டுக்கே போயி, "அத்த, களி இருக்குதா?"ன்னு கேட்டான். அவ்வளவுதான்.

கலைமணிக்கு சொந்த ஊரு வேதாரண்யம். கடத்தூருக்கு வந்து பல வருசம் ஆவுது. நஞ்சப்பன் நடத்தற கேபிள், இன்டர்நெட் ஆபீஸ்ல அவன்தான் லைன் ஆளு. மதிய சாப்பாடு நஞ்சப்பன் வூட்லதான். இத்தன வருசத்துல அந்த சமையக்கட்டு வாசப்படிய அவன் தாண்டுனதில்ல. கூடத்துல உக்காருவான், நஞ்சப்பன் சம்சாரம் அமுதவல்லி அக்கா கொண்டாந்து வெப்பாங்க. களிய மெல்லாம உருட்டி முழுங்கறதுக்கே அவனுக்கு ஒரு மழக்காலம் பூரா ஆச்சு. தொண்டையில மாட்டி முழிச்சப்ப அக்கா சிரிச்ச சிரிப்பு இன்னும் அவனுக்கு ஞாபகம் இருக்குது. இவன் என்னடான்னா அக்காவோட அண்ணன் மவன். நின்னுக்கிட்டே சட்டியில கைய வுட்டு எடுத்து முழுங்கறான்.

"மெதுவாடா, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க"ன்னு அக்கா சொன்னாங்க. கலைமணி தட்டுல இருந்த அவிச்ச முட்டைய விட பிரபாகர் தட்டுல இருந்த முட்டை பெருசா தெரிஞ்சுது. இதெல்லாம் ஒரு மனுசன் பாக்கற விசயமான்னு அவனுக்கே வெக்கமா இருந்துச்சு. ஆனா பாத்தான்.

இந்த ஊர்ல கலைமணிக்குன்னு யாரும் கெடையாது. ஒரு ரூமு, ஒரு கட்டிலு, ஒரு பேனு. காலையில நஞ்சப்பன் ஆபீஸுக்குள்ள வந்ததும் "எங்கப்பா கலை?"ன்னு கேப்பாரு பாருங்க, அந்த ஒரு கேள்விதான் அவனுக்கு சொந்தம். அதுவும் பறி போயிடுமோன்னு பயந்தான்.

பயம் வந்தது வத்தல்மலையால. மலைமேல இருக்கற ஊருங்களுக்கு நஞ்சப்பன் லைன் இழுத்து முடிச்சிருந்தாரு. இனி வூடு வூடா ரவுட்டர் வெக்கணும். அந்த மலை லைன யாரு பொறுப்புல வுடறதுன்னு அவரு இன்னும் சொல்லல. கலைமணி தனக்குத்தான்னு நெனச்சிருந்தான். கம்பம் நட்டது அவன், வயரு இழுத்தது அவன், அட்டை கடிச்சதும் அவனத்தான்.

ஆபீஸ் மூலையில கஸ்டமருங்க திருப்பிக் குடுத்த பழைய ரவுட்டருங்க ஒரு குவியலே கெடந்துச்சு. பிரபாகர் அதுல ஒண்ணத் தூக்கி ஊதுனான்.

"மாமா, புதுசு எதுக்கு வாங்கணும்? இது எல்லாமே நல்லா இருக்குது. உள்ள கம்பெனிக்காரன் போட்ட பர்ம்வேரு, அந்த சாப்ட்வேருதான் கெழடு ஆயிப் போச்சு. அத எடுத்துட்டு வேற போட்டா புதுசாட்டம் ஓடும்."

"வேறன்னா?"

"ஊர் ஊரா ஆளுங்க சேந்து எழுதி சும்மா குடுக்கறது மாமா. நானும் அதுல நம்ம தேவைக்கு கொஞ்சம் மாத்தியிருக்கேன். வெளம்பரம் வராது, கண்ட சைட்டு புள்ளைங்களுக்கு தொறக்காது. யாரு எந்த சைட்டுக்குப் போறாங்கன்னு நடுவுல யாரும் எட்டிப் பாக்க முடியாது."

நஞ்சப்பன் மீசையத் தடவுனாரு. சந்தோசம்னா அவரு அப்பிடித்தான் பண்ணுவாரு. "பாத்தியா கலை? நம்ம பையன்"னாரு. அப்புறம், "சரி, ஒண்ண கலை ரூம்ல வெச்சு ஓட்டிப் பாக்கட்டும். அவன் சரின்னா மலைக்கு ஏத்திருவோம்."

பிரபாகரே ரூமுக்கு வந்து அந்த ரவுட்டர மாட்டி, லேப்டாப்ப மடியில வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் செட் பண்ணான். வர்றப்ப ஒரு சீப்பு வாழப்பழம் வாங்கியாந்திருந்தான்.

"கொற எதுன்னா இருந்தா தயங்காம சொல்லுங்கணா. நானே எழுதுனது, நானே பாத்தா கண்ணுக்கு தெரியாது."

நல்லவனா வேற இருந்து தொலைக்கிறான். கலைமணிக்கு அதுதான் இன்னும் எரிஞ்சுது.

அன்னையிலருந்து அவன் அந்த ரவுட்டரப் போட்டுப் பாடாப் படுத்துனான். வேற யாரும் அப்பிடி டெஸ்ட் பண்ணியிருக்க மாட்டாங்க. தகரப் பொட்டி மேல வெயில் அடிக்கற எடத்துல வெச்சான். மேல போர்வையப் போத்துனான். கீழ் வூட்டு காலேஜ் பொண்ணு ஐஸ்வர்யாவுக்கும் அவ ஃபிரெண்ட்ஸ் எல்லாத்துக்கும் பாஸ்வேர்டு குடுத்து, "பாருங்கம்மா, நல்லா படம் பாருங்க"ன்னான். அவளுங்க பாத்தாளுங்க. ரவுட்டர் அசரல. நெட்டு வயர ஆட்டுனான், புடுங்கி மாட்டுனான். அசரல. நல்லாருக்குதுன்னு தெரியத் தெரிய அவனுக்கு எரிச்சல் ஏறுச்சு. எங்கயாவது ஒரு எடத்துல ஒடையாம இருக்குமா?

ஒடஞ்சுது. சுவிட்ச அமத்திப் போட்டப்ப ஒடஞ்சுது.

லைட்டெல்லாம் பச்சையாத்தான் எரிஞ்சுது. வைஃபை பேரும் வந்துச்சு. ஆனா ஒரு சைட்டும் தொறக்கல. எவ்வளவு நேரம் வுட்டுப் பாத்தும் தொறக்கல. மறுபடி அமத்திப் போட்டான், அதே கததான். லேப்டாப்ப மாட்டி உள்ள பாத்தான். ரவுட்டர் தேதி போன வருசத்துல நின்னுச்சு. கலைமணிக்குப் புரிஞ்சுபோச்சு. இந்த டப்பாவுக்குள்ள கடியாரத்துக்குன்னு பேட்டரி கெடையாது. செட் பண்றப்ப லேப்டாப்லருந்து வாங்குன நேரத்த கரண்ட் போனா மறந்துடும். யாரும் எட்டிப் பாக்காம இருக்க, சைட்டு பேரத் தேடற எடத்துல பிரபாகர் போட்டிருக்கற பூட்டு, தேதி சரியா இருந்தாத்தான் தொறக்கும். சரியான தேதிய நெட்டுலருந்துதான் கேட்டு வாங்கணும். நெட்டு பூட்டுக்கு அந்தாண்ட இருக்குது. தேதி இல்லாம கதவு தொறக்காது, கதவு தொறக்காம தேதி கெடைக்காது.

பெங்களூர் அபார்ட்மென்ட்ல கரண்டே போவாது. ஆபீஸ்லயும் பேட்டரி இருக்குது. பையனுக்கு எப்பிடித் தெரியும்?

இதுக்கு வைத்தியமும் சின்னதுதான். தேதி குடுக்கற சர்வர பேரு சொல்லித் தேடாம, அதோட நம்பரயே உள்ள எழுதி வெச்சுட்டா பூட்டு குறுக்க வராது. கலைமணி எழுதிப் பாத்தான், அமத்திப் போட்டான், ஓடுச்சு. அப்புறம் எழுதுனத அழிச்சுட்டான். பழையபடியே வெச்சுட்டான்.

பிரபாகர் போன் பண்ணான். "எப்பிடிணா போவுது?"

"நல்லா போவுது."

"ஒண்ணும் பிரச்சன இல்லயே?"

"ஒண்ணுமில்லப்பா."

போன வெச்சதும் அவனுக்கு மனசுக்குள்ள ஒரு படம் ஓடுச்சு. மலையில காத்தடிச்சாலே கரண்ட் போவும். ஊரே கூடி நிக்கும். பிரபாகர் வேர்த்துப்போயி நிப்பான். நஞ்சப்பன் திரும்பிப் பாத்து, "எங்கப்பா கலை?"ன்னு கேப்பாரு. அந்தப் படத்த அவன் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தான். களி எறங்கறத விட அது சொகமா எறங்குச்சு.

மலைக்குப் போன அன்னைக்கு வேன்ல முன் சீட்டுல பிரபாகர் ஏறி உக்காந்துட்டான். அது கலைமணி உக்கார்ற எடம். அவன் பின்னாடி ரவுட்டர் டப்பாவுங்களோட டப்பாவா உக்காந்து, வளைவுக்கு வளைவு ஒரு பக்கம் சாஞ்சுக்கிட்டே போனான். முன்னாடி மாமனும் மருமவனும் சிரிச்சுப் பேசிக்கிட்டு வந்தாங்க. என்ன பேசறாங்கன்னு காதுல விழல. தன்னப் பத்தி இருக்குமோன்னு நெனச்சான். தன்னப் பத்தி இல்லாம இருந்தா அது இன்னும் மோசம்னும் நெனச்சான்.

மொதல் ரவுட்டர் தீர்த்தம்மாள் வூட்ல. காப்பிக்கொட்ட காய வெச்சிருந்த வாசல் முழுக்க ஆளுங்க. பிரபாகர் அங்கயே உக்காந்து எல்லாத்தையும் செட் பண்ணி முடிச்சான். தீர்த்தம்மாள் மவன் நவநீதன் ஓசூர்ல வேல பாக்கறான். வீடியோ கால்ல அவன் மூஞ்சி தெரிஞ்சதும் அந்தம்மா போனத் தூக்கி ஊருக்கே காட்டுனாங்க.

"ஏண்டா எளச்சுப் போயிட்ட?"

"எளைக்கலம்மா, போன நேரா புடி."

பக்கத்து வூட்டு பாஞ்சாலி, "மவன் மூஞ்சியோட மூக்கு மட்டுந்தான் எங்களுக்குத் தெரியுது"ன்னு சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க. நஞ்சப்பன் மீசையத் தடவுனாரு. கலைமணி மேல ஓடற கரண்ட் கம்பியப் பாத்துக்கிட்டு நின்னான்.

ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டி வரல. பேன் நின்னுச்சு. மவன் மூஞ்சி போச்சு.

"இது எப்பவும் போறதுதான், வந்துரும்"னாங்க. வந்துச்சு. பேன் சுத்துச்சு. ரவுட்டர்ல பச்ச லைட்டு எரிஞ்சுது. மவன் வரல.

பிரபாகர் போன எடுத்துப் பாத்தான், லேப்டாப்ப தொறந்தான், வயரப் பாத்தான். மறுபடி லேப்டாப்பப் பாத்தான். கழுத்துல வேர்வ ஓடுச்சு. படத்துல ஓடுன மாதிரியே இருந்துச்சு. கலைமணிக்கு காது ரெண்டும் சூடாச்சு.

"மலை ஏறுனதுல உங்க நெட்டுக்கும் மூச்சு வாங்குதாட்டம் இருக்குது"ன்னு பாஞ்சாலி சொன்னா. "கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்க."

இந்த தடவ நஞ்சப்பன் சிரிக்கல. "என்னப்பா ஆச்சு?"

"தெரியல மாமா. கரண்ட் போயி வந்ததுல ஏதோ... என் தப்புதான். நான் இத யோசிக்கல."

இப்ப கூப்புடுவாருன்னு கலைமணி ஒரு அடி முன்னாடி வந்தான். நஞ்சப்பன் திரும்புனாரு. ஆனா அவன் நெனச்ச மாதிரி திரும்பல.

"உன்ன எதுக்குடா சொல்றேன்? நீ பெங்களூர்ல இருந்தவன். இவன் இந்த ஊரு கரண்ட்டப் பாத்துப் பாத்து வயசானவன். இவன்கிட்டதான குடுத்து ஓட்டிப் பாரு, சரியான்னு சொல்லுன்னேன்? சுவிட்ச அமத்திப் போட்டுப் பாக்க மாட்டியா கலை? அதுகூடவா தெரியாது?"

ஊரே இப்ப கலைமணியப் பாத்துச்சு. பிரபாகர் எழுந்துட்டான்.

"மாமா, வுடுங்க. அண்ணன் மேல தப்பு இல்ல. அவருக்கு இதெல்லாம் புதுசு. தெரியாம வுட்டிருப்பாரு, பாவம்."

பாவம்.

நஞ்சப்பன் திட்டுனதக்கூட அவன் தாங்கியிருப்பான். அந்தப் 'பாவம்' உள்ள போயி குத்துச்சு. பேசாம தலையக் குனிஞ்சுக்கிட்டா போதும், வெவரம் பத்தாத ஆளுன்னு முடிஞ்சிரும். ரெண்டு நாள்ல மறந்துருவாங்க. சாப்பாடு போடுவாங்க. பிரபாகர் அவனுக்கு சொல்லிக் குடுப்பான், பொறுமையா, அண்ணா அண்ணான்னு. அத நெனச்சதும் கலைமணிக்கு வாய் தானா தொறந்துச்சு.

"தெரியும்."

"என்ன தெரியும்?"ன்னாரு நஞ்சப்பன்.

"கரண்ட் போனா நின்னுரும்னு தெரியும்ணே. ரூம்லயே பாத்துட்டேன்."

லேப்டாப்ப பிரபாகர் கையிலருந்து வாங்கி, அந்த நம்பர அடிச்சான். யோசிக்காம அடிச்சான். சுவிட்ச அமத்திப் போட்டான். கொஞ்ச நேரத்துல தீர்த்தம்மாள் கையில போன் அடிச்சுது. "அம்மா, எங்க போயிட்ட?"ன்னு நவநீதன் கேட்டான். அதுக்கு யாரும் சிரிக்கல.

"மருந்து வரைக்கும் கையில வெச்சிருந்திருக்கற"ன்னாரு நஞ்சப்பன். சத்தமே போடல. "வெச்சுக்கிட்டு எங்களயும் மலை ஏத்திக் கூட்டியாந்திருக்கற."

கலைமணி லேப்டாப்ப பிரபாகர்கிட்ட திருப்பிக் குடுத்தான்.

பிரபாகர் மட்டும் லேப்டாப்பையே பாத்துக்கிட்டிருந்தான். "நம்பரயே போட்டுட்டீங்களாணா... ஆமால்ல. பேரு தேடற வேலையே இல்ல." அவனுக்கு கோவம் வந்த மாதிரியே தெரியல. அதையும் கலைமணி ஒரு கொறையாத்தான் எடுத்துக்கிட்டான்.

மிச்ச வூட்டுக்கெல்லாம் அந்த நம்பரையும் சேத்தே போட்டு மாட்டுனாங்க. பொழுது சாயறப்ப வேன் கிட்ட நின்னு நஞ்சப்பன் சொன்னாரு: "மலை லைன் பிரபாகரு பாத்துக்கட்டும். நீ கீழ கடத்தூர்ல இரு கலை. உனக்கு வேல தெரியாதுன்னு சொல்லல. வேல தெரிஞ்சவன பக்கத்துல வெச்சுக்கிட்டே எனக்கு பயமா இருக்குது பாரு, அதான்."

"சரிண்ணே"ன்னான்.

எறங்கறப்பவும் அவன் பின்னாடிதான். டப்பாவுங்க இல்லாததால இப்ப சாயறதுக்கு எடம் நெறைய இருந்துச்சு. ரெண்டாவது வளைவுல பிரபாகர் முன் சீட்டுலருந்து ஒடம்ப முழுசா திருப்பி, கம்பியப் புடிச்சுக்கிட்டு கேட்டான்.

"அண்ணா, வேற எதுன்னா கண்டுபுடிச்சீங்களா?"

நஞ்சப்பன் கண்ணாடியில பாத்தாரு.

இன்னொண்ணு இருந்துச்சு. ரவுட்டர் தானா வைஃபை சேனல் மாத்திக்கறப்ப சில நேரம் பதிமூணாம் நம்பர் சேனலுக்குப் போயிடுது. அப்ப பழைய போன் சிலதுல வைஃபை பேரே காட்டாது. மலையில பாதிப் பேரு கையில பழைய போன்தான். சொல்லாம வுட்டா ரெண்டு நாள்ல போன் மேல போன் வரும். ஆனா இவன் வுட மாட்டான். ராப்பகலா உக்காந்து இவனே கண்டுபுடிச்சுருவான். கண்டுபுடிச்சு மாமன்கிட்ட காட்டுவான். மாமன் மீசையத் தடவுவாரு.

அது மட்டும் நடக்கக் கூடாது.

"இருக்குது"ன்னான் கலைமணி. "சேனல்ல ஒரு கோளாறு இருக்குது. எழுதிக்க."

பிரபாகர் போன எடுத்தான். கலைமணி ஒவ்வொண்ணா சொல்ல ஆரம்பிச்சான். எப்பிடிப் பாத்தான், எந்த போன்ல காட்டல, எத மாத்துனா சரியாவும்னு ஒண்ணு வுடாம சொன்னான். நஞ்சப்பன் ஓடிக்கிட்டிருந்த பாட்ட நிறுத்துனாரு. வண்டியக் கொஞ்சம் மெதுவா ஓட்டுனாரு.