சுவரில் மாட்டிய மாப்பிள்ளை

நான் இறந்துபோன செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் தனலெட்சுமி அம்மா. பட்டர்வொர்த்தில் அவருடைய வீட்டு ஹாலில், பெண் கேட்கப் போன இடத்தில் சொன்னார்.

பெண் அவருடைய மகள் புஷ்பவள்ளி. ஜார்ஜ் டவுனில் என்னோடு மாலை வகுப்பில் கணக்கியல் படிக்கிறாள். எனக்கு முன் வரிசை. அவளுக்குச் சம்மதமா என்று கேட்க எனக்கு ஒரு தவணை முழுவதும் பிடித்தது. "அம்மாகிட்ட வந்து பேசுங்க" என்று அவள் ஒரே நொடியில் பதில் சொல்லிவிட்டாள். எனக்குப் பேச ஆள் நவமணி அக்கா மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடலைக் கடக்க ஃபெரி ஏறிப் போனோம்.

தனலெட்சுமி அம்மா தேநீர்த் தட்டோடு வந்து என் முகத்தைப் பார்த்தார். நீட்டிய தட்டைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார்.

"தம்பி, உங்க அண்ணன் தம்பி யாராச்சும் தவறிட்டாங்களா?"

"எனக்கு அண்ணன் தம்பியே இல்லம்மா."

"அப்ப அது நீங்கதான். பேய் நாடகத்துல சுவத்துல இருந்தீங்க. மாலை போட்டு, கீழே சின்ன பல்ப் எரிஞ்சிச்சு. ராத்திரியானா இறங்கி வந்து அடுப்படியில தண்ணி குடிப்பீங்க."

"நானா?"

"குடிச்சது வேற ஆளு. படம் நீங்க." அவர் தட்டைக் கீழே வைத்தார். "அப்புறம் துப்பறியும் நாடகத்துல உங்களுக்கு விஷம் வச்சிட்டாங்க. குடும்ப நாடகத்துல ஹார்ட் அட்டாக்."

மறுக்க வழியில்லை. டிவியில் நாடகம் ஓடும் நேரமும் எங்கள் வகுப்பு நேரமும் ஒன்று. நானும் பார்த்ததில்லை, புஷ்பவள்ளியும் பார்த்ததில்லை. எதையும் சரிபார்த்துப் பழகியவன் என்பதால் கேட்டேன்: "என்ன சட்டைம்மா?"

"நீலக் கோடு. கழுத்துப் பட்டன் போட்டிருந்தீங்க."

குனிந்து பார்த்தேன். அதே சட்டையைத்தான் போட்டிருந்தேன். கழுத்துப் பட்டனும் போட்டிருந்தேன்.

"ஏற்கெனவே மூணு பொம்பளைங்க உங்களால தாலி அறுத்துட்டாங்க. நாலாவதா எம்பொண்ணா?" என்றார் தனலெட்சுமி அம்மா.

திரும்பும்போது ஃபெரியில் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"என்னன்னு?"

"செத்துட்டேன்னு."

அந்தப் படம் எனக்கு நினைவுக்கு வந்தது. புஷ்பவள்ளி வகுப்பில் சேரும் முன்பே, பெண் பார்ப்பதற்காக ஸ்டூடியோவில் எடுத்தது. ஒரு பிரதியை வாசுவிடம் கொடுத்திருந்தேன். அவன் எங்கள் வகுப்பை விட்டுக் கோலாலம்பூர் போய், ஒரு டிவி நாடகக் கம்பெனியில் மேசை நாற்காலி, விளக்கு, படம் எல்லாம் எடுத்து வைக்கும் வேலையில் இருக்கிறான். அங்கே நல்ல குடும்பம் இருந்தால் காட்டச் சொல்லியிருந்தேன். தபால் நிலையத்துக்கு வெளியே இருந்து போன் போட்டேன்.

"வாசு, என் படத்த யாருக்காச்சும் காட்டினியா?"

"நாடு பூரா காட்டிட்டேன் லா."

"மாலை போட்டா?"

"ஒருநாள் செட்ல செத்தவன் படம் இல்ல. உன் மூஞ்சில ஒரு அடக்கம் இருந்துச்சு. டைரக்டருக்குப் பிடிச்சுப் போச்சு. இப்ப யாரு செத்தாலும் உன்னத்தான் கேக்குறாரு."

"எடுத்துடு."

"எடுத்தா மட்டும் செத்தது இல்லன்னு ஆயிடுமா? ஊரே பாத்துடுச்சு."

அவன் சொன்னதில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. "அப்ப உயிரோட காட்டு" என்றேன்.

"மாலை இல்லாத படத்துக்கு நாடகத்துல என்ன வேலை?" பிறகு அவனே சொன்னான். "ஒரு வேலை இருக்கு. ஆனா கோவிச்சுக்கக் கூடாது."

"உயிரோட இருந்தா போதும்."

அவன் சொன்ன வியாழக்கிழமை நானும் புஷ்பவள்ளியும் முதன்முறையாக வகுப்புக்குப் போகவில்லை. "ஒரே ஒரு தடவ பாத்துட்டு முடிவு சொல்லுங்கம்மா" என்று அவள் தன் அம்மாவைச் சம்மதிக்க வைத்திருந்தாள். அக்காவும் நானும் அவர்கள் வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தோம். புதிய துப்பறியும் நாடகம். இன்ஸ்பெக்டர் போலீஸ் நிலையப் பலகைப் பக்கம் திரும்பினார். அங்கே நீலக் கோட்டுச் சட்டையில் நான். மாலை இல்லை. கீழே பெரிய எழுத்தில் 'தேடப்படுகிறார்' என்று இருந்தது.

"மூணு கொலை, ஒரு நகைக்கடைக் கொள்ளை. கடைசியா கெப்பாலா பத்தாஸ்ல பாத்திருக்காங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். நான் எழுந்து செருப்பைத் தேடினேன். இருந்ததையும் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"உக்காருங்க தம்பி." தனலெட்சுமி அம்மாவின் கண் கலங்கியிருந்தது. "தேடுறாங்க."

"ஆமாம்மா."

"செத்தவன யாரு தேடுவா? எங்கியோ நல்லா இருக்கீங்க." தேநீர்த் தட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் தேநீரை எடுத்த பிறகுதான் அவருக்கு அடுத்த கவலை வந்தது. "இது எத்தன வாரம் ஓடும்?"

"ஆறு வாரம்னு வாசு சொன்னான்."

"அப்ப கடைசி வாரத்துல எப்படியும் சுட்டுடுவாங்க. அதுக்குள்ள தாலி கட்டிடணும்."

"நான்தான் எதுவும் செய்யலையேம்மா" என்றேன். சொல்லும்போதே எனக்கு அது உறுதியாகத் தெரியவில்லை.

"செஞ்சா என்ன? முன்ன மாதிரி சுவத்துல தொங்கிட்டா இருக்கீங்க? ஓடியாடித்தான செய்றீங்க" என்றார் அவர்.

புஷ்பவள்ளி சமையலறைக் கதவுக்குப் பின்னால் சிரிப்பது கேட்டது.

ஐந்தாம் வாரம் கல்யாணம். மாலை மாற்றியதும் போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். தனலெட்சுமி அம்மா ஓடி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"மாலையோட சும்மா நிக்காதீங்க தம்பி. பேசிக்கிட்டே இருங்க."

என்ன பேசுவது என்று தெரியாமல், நாடகம் பார்த்த வியாழக்கிழமை விட்டுப்போன பாடத்தைப் பற்றிப் புஷ்பவள்ளியிடம் கேட்டேன். அவள் தேய்மானக் கணக்கை விளக்கத் தொடங்கினாள். எங்கள் கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் இருவர் வாயும் திறந்திருக்கிறது.

வாசு ஒரு பிரதி கேட்டான். அக்கா கொடுக்கவில்லை.